மிச்சம் நாலு மாம்பழம்

"இன்னும் எத்தனை மிச்சம், பாயிஸா?" திரும்பிப் பாராமலே கேட்டாள் லீலாதேவி.

"நாலு, டீச்சர்."

போன கிழமையும் நாலுதான். அதற்கு முந்தின கிழமையும் நாலுதான்.

மேல்மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி பாயிஸா. வயது நாற்பத்தெட்டு. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இந்த வயதில், பொழுதுபட்டதும் இறங்கி வந்து லீலாதேவியின் முன்னறையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, டீவியில் வீடியோ கேம் விளையாடுகிறாள். ஓர் அணில் மரத்துக்கு மரம் தாவி, ஒளித்து வைத்திருக்கும் நூறு தங்க மாம்பழங்களைப் பொறுக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். தன் மனுசன் மர்சூக் வீட்டில் இதெல்லாம் வைக்க விடமாட்டார் என்று முதல் நாளே சாட்டுச் சொல்லிவிட்டாள்.

விளையாட்டுப் பெட்டி லீலாதேவியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவுடையது. தகப்பனின் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர் யாழ்ப்பாணம் போன நேரம் பார்த்துச் சண்டை மூண்டது, பாதை பூட்டப்பட்டது. திரும்பி வரக் கப்பல் ஒன்றுதான் வழி; அதற்குப் பெயரைக் கொடுத்துவிட்டு அங்கேயே கிடந்தார்.

குண்டசாலை வீட்டில் லீலாதேவி தனி. பகலில் கண்டியில் பள்ளிக்கூடம், கணக்குப் பாடம் என்று நேரம் போய்விடும். பொழுதுபட்டால்தான் பயம். தமிழர் வீடென்றால் எந்த நேரமும் பொலிஸ்காரர் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்கிற காலம். அவளுக்கோ சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் வாய்விட்டுச் சொல்வாளா? துணைக்கு ஆள் அனுப்பவா என்று கேட்டவர்களுக்கெல்லாம், எனக்கென்ன பயம், ஒருத்தரும் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அடுத்தவர் தயவில் நிற்பது அவளுக்குப் பிறவியிலேயே ஆகாது.

ஒரு நாள் இரவு உண்மையாகவே கதவு தட்டப்பட்டது. லீலாதேவி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், விளையாடிக்கொண்டிருந்த பாயிஸா எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். வந்தவர்களோடு சிங்களத்தில் ஏதேதோ கதைத்தாள். கடைசியில் அவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். இவங்கள் வந்து என் அணிலைக் பள்ளத்துக்குள் விழுத்திப்போட்டாங்களே என்று முணுமுணுத்தபடி பாயிஸா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல வேளை இவள் நின்றாள் என்று லீலாதேவி கடவுளுக்கு நன்றி சொன்னாள். பாயிஸாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. விளையாட வந்தவள்தானே.

நாலு மாம்பழம் மாதக் கணக்கில் நாலாகவே நின்றபோது, கணக்கு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சோதனையில் ரெண்டு புள்ளிக் கேள்விக்கு ஒரு மணித்தியாலம் செலவழிக்கிற பிள்ளையை நான் மெச்ச மாட்டேன், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்றுதான் சொல்வேன் என்று பாடமே எடுத்தாள்.

"அணில் தன்ர கூட்டுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. கதை முடிஞ்சுது. பிறகேன் இந்த நாலைப் பிடிச்சுக்கொண்டு தொங்குறீங்கள்?"

"கத முடிஞ்சாப் போதுமா, டீச்சர்? இன்னும் நாலு மிச்சம் ஈக்கே," என்றாள் பாயிஸா. பத்து மணிவரை எழும்பவும் இல்லை.

பங்குனியில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. திருகோணமலையில் இறங்கி, பஸ் பிடித்து, மெலிந்து கறுத்து வீடு வந்து சேர்ந்தார். லீலாதேவி அழுதாள், சிரித்தாள். பிறகு நன்றி சொல்லத் தொடங்கினாள். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள். கப்பல் டிக்கெட் துண்டுக்காக வரிசையில் நின்ற மச்சானுக்கு நன்றி, கடிதம் கொடுத்த பள்ளிக்கூட அதிபருக்கு நன்றி. யாரோ எவரோ என்று தெரியாத கப்பல் மாலுமிக்குக்கூட மனதுக்குள் ஒரு நன்றி சொன்னாள்.

பாயிஸா வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்து, அவரைச் சுகம் விசாரித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு விளையாட வரவே இல்லை. நாலு மாம்பழம் மிச்சமிருக்க விட்டுவிட்டாளே, என் பாடம் கடைசியில் தலையில் ஏறிவிட்டது என்று லீலாதேவிக்கு உள்ளூர ஒரு பெருமை.

அடுத்த ஞாயிறு பகல் ஸ்ரீஸ்கந்தராசா விளையாட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும் லீலா. இதை ஆர் மூண்டு தரம் முடிச்சது?"

திரையில், ஆடிய ஆட்டங்களெல்லாம் திகதியோடு வரிசையாக நின்றன. நூறு, நூறு, நூறு. முதல் நூறு கார்த்திகையிலேயே வந்துவிட்டது. நாலாவது தரம் முதலிலிருந்து தொடங்கிய ஆட்டம், பன்னிரண்டாவது மாம்பழத்தோடு நின்றிருந்தது.

"ஒருக்கா நூறு வந்தால் பிறகு இதில ஒண்டுமில்லையே. அதே மரம், அதே மாம்பழம்," என்றார் அவர். "திரும்பத் திரும்ப விளையாடினால் விசர் பிடிச்சிடும்."

லீலாதேவிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணக்கு டீச்சரிடமே பொய்க் கணக்கா? விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள். பாயிஸா குசினி வாசலில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கார்த்திகையிலேயே நூறும் முடிஞ்சுது. பிறகேன் பாயிஸா, ஒவ்வொரு நாளும் நாலு மிச்சம், நாலு மிச்சம் எண்டு எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

பாயிஸா சுளகிலிருந்து தலை நிமிரவில்லை. பிழை செய்து பிடிபட்டவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"முடிஞ்சிடுச்சின்னு செல்லீந்தா, அடுத்த நாள் என்னத்தச் செல்லிக்கிட்டு ஒங்கட ஊட்டுக்கு வாரது, டீச்சர்? தொணைக்கு ஈக்க வாரேன்னு செல்லீந்தா, நீங்க கதவத் தொறந்தீப்பீங்களா?"