நாலாவது மாடி

காலை வெயில் ஆஸ்பத்திரி வாசலில் பளிச்சென்று விழுகிறது. லிஃப்ட் மெக்கானிக் பொத்தானை அழுத்துகிறார். நிலநடுக்கத்தன்று இருட்டு லிஃப்டுக்குள் ஒன்பது மணி நேரம் சிக்கிக் கிடந்தவர் அவர். அன்றிலிருந்து எங்கே போனாலும் படிதான். ஆறு மாதமாக மனநல மருத்துவரைப் பார்க்க வருவதும் படியேறித்தான். "இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லைங்க, மனசுல பட்ட காயம். வைத்தியம் பார்த்தா ஆறும்" என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லித் தேற்றியிருக்கிறார். இன்று மெக்கானிக் தனியாக லிஃப்டில் ஏறுகிறார். கதவு மூடுகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கற்றுக்கொண்டபடி மூச்சை மெல்ல இழுத்து விடுகிறார். சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. நாலாவது மாடியில் மணி அடித்துக் கதவு திறக்கிறது. எதிரே, செருப்பைக் கையில் பிடித்தபடி படிகளில் ஓடிவந்த மனைவி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நிற்கிறாள். "வந்துட்டீங்களா!" அவர் கண் கலங்கச் சிரிக்கிறார். "ஏம்மா இப்படி இரைக்குது? என்கூட லிஃப்ட்ல வந்திருக்கலாம்ல?"