ஆணி ஓட்டை

டிரைவர் என்றாலே டீசல் திருடன் என்பது மரக்கறி முதலாளி மருதமுத்துவின் முடிந்த முடிவு. பழைய பிக்கப்பின் டேங்குக்குப் பூட்டு மூடி வாங்கிப் போட்டவருக்கு, அந்த மூடியில் ஆணி ஓட்டை ஒன்றைக் கண்டதும் ஆத்திரம் தலைக்கேறியது.

"பூட்டு போட்டா, ஓட்டை போட்டு உறிஞ்சுறியா? திருட்டுப் பயலே!"

"இல்லீங்க முதலாளி, அந்த ஓட்டை இல்லாட்டி..."

டிரைவர் லோஜனைப் பேசவே விடாமல் வேலையை விட்டு விரட்டினார். ஓட்டையைப் பசை வைத்துத் தன் கையாலேயே அடைத்தார்.

மறுநாள் முட்டைக்கோவா மூட்டைகளோடு அவரே ஓட்டிப் போனார். ஹட்டன் ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது.

மெக்கானிக் ஹசன் வந்து மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. வண்டி கிளம்பியது.

"உள்ள காத்து போனாத்தானேங்க டீசல் எஞ்சினுக்கு வரும்? இந்த ஓட்டைய அடைச்ச மடையன் யாரு?"

மருதமுத்து காறித் துப்பினார்.

"எல்லாம் அந்த டிரைவர் பயதான். அதான் நேத்தே விரட்டிட்டேன்."