ரத்தினவேலின் சிவப்பு டப்பா

"களவாணிப் பயலே! பட்டப்பகல்ல, என் வீட்டுக்குள்ளயேவா?"

ரத்தினவேல் போட்ட சத்தத்தில் அறந்தாங்கிக் கடைத்தெருவே பாதி கூடிவிட்டது.

பக்கத்து வீட்டுச் சோடாக் கம்பெனி காஜா மைதீன், கொல்லை வாசல்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது ரத்தினவேலின் சிவப்பு டப்பாவை.

அது தீயணைக்கிற டப்பா. ஊரைக் காலி செய்துகொண்டு போன டூரிங் டாக்கீஸ்காரர்கள் ஏலம் விட்டபோது எடுத்தது. ரத்தினவேலுக்கு வீட்டு முன்கூடம்தான் மெத்தைப் பட்டறை. கால் வைத்த இடமெல்லாம் இலவம்பஞ்சு. ஒரு பீடி நெருப்பு போதும், வீடே போய்விடும்.

"நம்ம பட்டறையில பயமே இல்லீங்க. அந்தா சுவத்துல பாருங்க. தலையில இருக்கிற குமிழைத் தரையில ஒரு தட்டு, தண்ணி பீச்சியடிக்கும்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். கல்யாண வீட்டுக்காரர்கள் அதை நம்பித்தான் மற்ற பட்டறைகளைத் தாண்டி இங்கே வந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல், சுவரில் மாட்டியிருந்தபடியே அதைத் துடைத்துப் பொட்டு வைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அன்றும் ஆலங்குடி ஆண்டியப்பன், மகள் கல்யாணத்துக்கு மெத்தை சொல்ல நாலு உறவுக்காரர்களோடு வந்திருந்தார். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, அவர்களுக்கு டப்பாவைக் காட்டலாம் என்று உள்ளே கூட்டிவந்த இடத்தில்தான் ரத்தினவேல் இதைப் பார்த்தார்.

"எதுக்குடா எடுத்தே? சொல்லு!"

காஜா மைதீன் ஆலங்குடிக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புத்தாண்ணே."

அடுப்படியிலிருந்து ஓடிவந்த ரத்தினவேலின் மனைவி பிரகதாம்பாள், "என்னங்க, அவரு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு! நாளைக்கு ஆயுத பூஜை முடியட்டும், போலீசு ஸ்டேசன்ல பேசிக்கிறேன்."

டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினார் ரத்தினவேல். பிடுங்கிய வேகத்தில் தடுமாறிப் போனார். இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"நல்ல வேளை, கண்ணுல பட்டுச்சு" என்று சொல்லி ஆண்டியப்பன் இரண்டு மெத்தைக்குச் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி பிரகதாம்பாள் மறுபடியும் பேச்செடுத்தாள். "அந்தப் பய பேரை எடுத்தே, சாப்பிட மாட்டேன்" என்றார் ரத்தினவேல். அவளும் எடுக்கவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. பஞ்சு அடிக்கிற வில், ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக இருக்க, நடுநாயகமாகச் சிவப்பு டப்பா. சாமந்தி மாலை அதற்குத்தான் பெரிசு.

கற்பூரத் தட்டை எடுத்து, டப்பாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார் ரத்தினவேல். எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு துணுக்குப் பஞ்சு கற்பூரத்தில் விழுந்தது. எரிந்துகொண்டே எழும்பி, ஆண்டியப்பனுக்கு அடைத்துக்கொண்டிருந்த மெத்தைமேல் போய் இறங்கியது.

குப்பென்று பிடித்துக்கொண்டது.

"அய்யய்யோ! டப்பாவை எடுங்க!" என்று கத்தினாள் பிரகதாம்பாள்.

"பூஜையில வச்சதை எப்புடிடீ எடுக்கிறது?"

"வீடே போகுது, எடுங்கங்க!"

மாலையும் பொட்டுமாக அதைத் தூக்கினார். தலைகீழாகக் கவிழ்த்துக் குமிழைத் தரையில் ஓங்கித் தட்டினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். சாமந்திப் பூவையும் சேர்த்து அடித்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. ஒரு மெத்தை கருகியதோடு நெருப்பு அடங்கிவிட்டது.

ரத்தினவேலின் வேட்டியெல்லாம் ஈரம். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"பாத்தியா? ஆறு வருசமா துடைச்சுத் துடைச்சு வச்சேனே, வீண் போச்சா? நேத்து அந்தக் களவாணி இதைக் கொண்டுபோயிருந்தா நாம இன்னைக்குத் தெருவுல!"

பிரகதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு கொண்டுபோகலைங்க. கொண்டாந்து வைக்கத்தான் வந்தாரு."

"என்னது?"

"நீங்க ஏலத்துல எடுத்தது வெறும் டப்பா. மொத வருசம் ஆயுத பூஜைக்குக் கழுவ எடுத்தேன், கையில கனமே இல்லை. காஜா தம்பிகிட்டக் காட்டினேன். சோடாவுக்குக் காஸ் எடுக்கிற அதே சோடா உப்பும் திராவகமும்தான் இதுக்கும் வேணுமாம். அன்னையிலேருந்து வருசா வருசம் நீங்க தூங்குற நேரமாப் பாத்து, பழசை ஊத்திட்டுப் புதுசு போட்டுத் தாராரு. தெரிஞ்சா நீங்க மனசொடிஞ்சு போவீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"நேத்தாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வாயெடுத்தேன். நீங்கதான் பேச விடலையே. அவரும் வேணாம்னு கண்ணைக் காட்டினாரு."

ரத்தினவேல் ஈர வேட்டியோடு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனார். காஜா மைதீன் சோடா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"காஜா..."

ரத்தினவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"ஏன்டா, நாலு பேருக்கு முன்னால களவாணின்னேனே. 'ஒன் டப்பா வெறும் டப்பாடா, நான்தான் மருந்து போடுறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

காஜா மைதீன் சிரித்தார்.

"எப்புடிண்ணே சொல்றது? அந்த நாலு பேரும் ஒங்ககிட்ட மெத்தை வாங்க வந்தவங்களாச்சே!"