நேரில் வரவும்

"சார், நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி கேட்டார் தாஸ். பேராசிரியரின் மல்லேஸ்வரத்து வீட்டுக் கூடத்தில் மின்விசிறி நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வேர்க்காமல் என்ன செய்யும்? அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தொண்ணூற்றேழு ஜூனுக்குள் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்தால்தான் ஹெட்மாஸ்டர் நாற்காலி. மாதாமாதம் பாடக் கட்டு வரும். தாஸ் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். மனைவி ஆரோக்கியமேரிதான் ஆசையாக உட்கார்ந்து படித்து, விடைத்தாள் முழுவதையும் எழுதுவாள். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். இந்தத் தடவை திருத்தி வந்த தாளின் மேலே, சிவப்பு மையில் 'நேரில் வரவும்' என்று வீட்டு முகவரியோடு எழுதியிருந்தது. குட்டு வெளிப்பட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

"நானும் வரேங்க" என்று மேரி கிளம்பினாள். "நீ வேற வந்து காட்டிக் கொடுக்கணுமா?" என்று தடுத்துவிட்டு வந்திருந்தார்.

பேராசிரியர் கோதண்டராமன் தொண்டையைக் கனைத்தார். "தப்பா? சேச்சே. விஜயநகரத்தைப் பத்திப் பிரமாதமா எழுதியிருக்கீங்க."

"எல்லாம் நீங்க ஓரத்துல எழுதுற குறிப்புதான் சார்" என்று கூசாமல் புளுகினார் தாஸ்.

"அப்படியா? எந்தக் குறிப்பு?"

"எல்லாமே சார். நீங்களே ஒரு தரம் சொன்னா நல்லாருக்கும்."

"இல்லையில்லை, நீங்க சொல்லுங்க." பேராசிரியர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். "சரி, அது கிடக்கட்டும். பஸ்ல கூட்டமா?"

"ரொம்பக் கூட்டம் சார்."

எவ்வளவு பெரிய மனுஷன், மாட்டிக்கொண்டவனை அவமானப்படுத்த மனசில்லாமல் பேச்சை மாற்றுகிறாரே என்று தாஸ் நெகிழ்ந்துபோனார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று எழுந்தார்.

அதற்குள் பேராசிரியரின் மனைவி வனஜா காபியோடு வந்தார். தாஸை மேலும் கீழும் பார்த்தார். வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"தனியாவா வந்தீங்க? ஒரு வருஷமா உங்க வீட்டம்மா எழுத, நான் திருத்தன்னு ரெண்டு பேரும் தாள் ஓரத்துலயே சிநேகமாயிட்டோம். மேரியைப் பார்க்கணும்னுதானே வரச் சொல்லி எழுதினேன், உங்களை யாருங்க கூப்பிட்டது?"