முப்பத்தேழு இடங்கள்

ஏஐ உதவியாளரை இசைக்கோர்ப்பு மென்பொருளோடு அன்றுதான் இணைத்திருந்தான் ஞானதுரை. எஸ்தர் பாடிக்கொடுத்த பாட்டில் தேவையில்லாத சத்தத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னான். முப்பத்தேழு இடங்களில் எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

எஸ்தர் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தன் பாட்டைக் கேட்கும்போது கூடவே உதட்டுக்குள் பாடுவது அவள் வழக்கம். சரணம் முடிவதற்குள் முகம் கன்றிப்போய், ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தமா இருக்கு சார். ஆனா இதுல நான் எங்க மூச்சு எடுத்தேன்?"

ஞானதுரை அதையே உதவியாளரிடம் கேட்டான்.

"மூச்சுகளை அழித்துவிட்டேன். எங்கெங்கே வேண்டும் என்று சொன்னால் வைத்துவிடுகிறேன்."

அவளிடம் கேட்கத் திரும்பினான். எஸ்தர் மறுபடி ஹெட்போனை மாட்டியிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நெஞ்சு அசையவில்லை.