கவனக்குறைவு

"ஒத்துக்கறேன்" என்றான் ஹேமிஷ்.

"நான் இன்னும் படிச்சே முடிக்கலைப்பா" என்றார் குதிரைவண்டிப் பந்தய நடுவர் டப்ஸ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார். "நாலாவது பந்தயம். கடைசி வளைவுல உன் குதிரையைச் சட்டுனு உள்பக்கம் இறக்கினே. உள்ளே வந்துகிட்டிருந்த கிர்ஸ்டிக்கு இடமில்லாம போச்சு. அவ குதிரை ஓட்டம் தப்பி, வண்டிப் பந்தயத்துல கூடாத நாலுகால் பாய்ச்சல்ல போயிடுச்சு. கவனக்குறைவா வண்டி ஓட்டின குற்றம்."

"ஆமா சார். ஒத்துக்கறேன்."

எதிரே கிர்ஸ்டி உட்கார்ந்திருந்தாள். ஹேமிஷின் தங்கை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சேறு.

"ஒத்துக்கறானாம். இவன் சக்கரத்துக்கும் வேலிக்கும் நடுவுல நான் சட்னி ஆகியிருப்பேன். கடிவாள வாரை இழுத்துப் பிடிச்சுப் பிடிச்சு தோள்பட்டையே கழண்டு போச்சு."

"நல்லாதான் பிடிச்சே" என்றான் ஹேமிஷ்.

"நீ பேசாதடா."

டப்ஸ் பந்தயப் படத்தை ஓடவிட்டார். நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார்.

"இதுதான் எனக்குப் புரியலை. இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை திரும்பிப் பார்க்கறே. அவ அங்கேதான் இருக்கா. அப்புறமும் ஏன் இறங்கினே? குதிரை இழுத்துச்சா?"

"இல்லை சார்."

"வார் சிக்கிக்கிச்சா?"

"இல்லை."

"கண்ணுல சேறு?"

"அதெல்லாம் இல்லை. என் தப்புதான். இதுக்கு எத்தனை நாள் தடை?"

"பத்து நாள்."

"இன்னையிலிருந்தே போடுங்க."

கதவோரம் சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்த ஆல்பிக்குப் புரையேறியது. ஓரேட்டி ரோஸ் என்ற குதிரையின் சொந்தக்காரர் அவர். அதைப் பழக்குபவனும் ஓட்டுபவனும் ஹேமிஷ்தான்.

"பத்து நாளா? ஞாயிற்றுக்கிழமை இன்வர்கார்கில்ல கோப்பைப் பந்தயம். என் ரோஸை இவன்தான் ஓட்டணும். இவனே வந்து முடியாதுன்னு சொன்னாலும் நான் விட மாட்டேன்."

"தடை போட்டுட்டா?" என்றார் டப்ஸ்.

"அப்ப என்ன செய்ய? இவன் யாரைக் கை காட்டறானோ அவங்க ஓட்டட்டும். எனக்கு வேற யாரைத் தெரியும்?" ஆல்பி அடுத்த ரோலை எடுத்தார். அவர் மனசு ஆறவில்லை என்பது அதை வெண்ணெய் தொடாமல் தின்றதில் தெரிந்தது.

"பதினோரு வருஷத்துல உன் மேல ஒரு புகார்கூட இல்லை. என்ன பண்றது, சட்டம்னு ஒண்ணு இருக்கே" என்று டப்ஸ் பேனாவைத் திறந்தார்.

கிர்ஸ்டி அண்ணனைப் பார்த்தாள். முழங்கால் மேல் கைகளை வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்ச் மாதம் மனைவி ஜீனின் சவப்பெட்டிக்கு முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு அவன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. ரோஸைப் பழக்க மட்டும் விடியுமுன் எழுந்துகொண்டிருந்தான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஒரு நிமிஷம் சார். நான்தான் 'கிளியர்'னு குரல் கொடுத்தேன்."

டப்ஸ் பேனாவை வைத்தார். உள்பக்கம் இறங்கப் போகிறவனுக்குப் பின்னால் வருபவர் அந்தச் சொல்லைக் கத்தினால், இடம் இருக்கிறது, இறங்கலாம் என்று அர்த்தம். போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அந்தக் குரலை யாரும் பொய்யாகக் கொடுக்க மாட்டார்கள்.

"இவ கத்தலை" என்றான் ஹேமிஷ். அன்று முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"கத்தினேன். இடம் போதும்னு நினைச்சேன். போதலை. தன் காதுல விழுந்தது நெசந்தானான்னுதான் அவன் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான்."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"மத்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. கடைசியில நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் அவன் மேல பாய்ஞ்சே?"

"என் தப்பை மறைக்கத்தான்."

"சார், இவ பொய் சொல்றா. எனக்குத் தடை போடுங்க."

டப்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருட உத்தியோகத்தில், தடை வேண்டும் என்று அடம்பிடித்தவனை அவர் கண்டதில்லை. தங்கையைக் காப்பாற்றப் பழியை ஏற்கிறான் என்று முடிவு செய்தார். படமும் அவள் சொன்னதோடு பொருந்தியது.

"ஹேமிஷ் மேல குற்றமில்லை. தப்பான குரல் கொடுத்ததுக்காக கிர்ஸ்டிக்குப் பத்து நாள் தடை. இன்னையிலிருந்து."

ஆல்பி கடைசி ரோலுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டார்.

வெளியே மழை. லாயத்துக்குப் போகும் வழியில் கிர்ஸ்டி அண்ணனின் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"முறைக்காதே. ஞாயிற்றுக்கிழமை எனக்கு யார் குதிரை கொடுத்து வெச்சிருக்காங்க? எட்டு வருஷமா கோப்பையை டிவியிலதான் பார்க்கறேன். இந்த வருஷமும் பார்க்கறேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போய் ஓட்டு."

"சரி" என்றான்.

அவள் குதிரையைக் கழுவப் போனதும், சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

அது ஓட்டுநர் மாற்றப் படிவம். குதிரை: ஓரேட்டி ரோஸ். பந்தயம்: கோப்பை, ஞாயிறு. காரணம்: தடை. புதிய ஓட்டுநர்: கிர்ஸ்டி. அடியில் ஹேமிஷின் கையெழுத்தும், நேற்றைய தேதியும் இருந்தன.