வேலிக்கு அந்தப் பக்கத்து மஞ்சள் செர்ரி

"கண்ணு பட்டிருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றார் தெவ்ஃபிக். "இல்லேன்னா வருஷா வருஷம் காய்ச்ச மரமெல்லாம் ஒரே அடியா மலடாகுமா?"

வேளாண்மை அதிகாரி நிஹால் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். ஜூன் பாதி தாண்டிவிட்டது. சுல்தான் மலை அடிவாரம் முழுக்க செர்ரி சிவந்து தொங்குகிறது. இஸ்தான்புல் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்தத் தோட்டத்தில் மட்டும் வெறும் இலை. இலைக்கு நடுவே மரத்துக்கு ஒன்றாக, திருஷ்டிக்குக் கட்டிய நீலக்கண் மணி ஆடிக்கொண்டிருந்தது.

"மணி எப்ப கட்டினீங்க, மாமா?"

"போன வாரம்."

"பிஞ்சு பிடிக்காம போனது ஏப்ரல்லயே. மணி மேல தப்பில்ல."

தெவ்ஃபிக்கின் மகள் மெலிகே தேநீர்த் தட்டோடு வந்தாள். "நாளைக்கு ரம்பக்காரரை வரச் சொல்லியிருக்கார், அக்கா. மொத்த மரத்தையும் வெட்டப் போறாராம். அதான் உங்களை உடனே வரச் சொன்னேன்."

"காய்க்காத மரத்தை வெச்சுக் கொஞ்சச் சொல்றியா?" என்றார் அவர். வாய்தான் அப்படிச் சொன்னது. கை மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கல்யாணமான வருஷம் அவரும் மனைவியும் குழி தோண்டி வைத்த மரங்கள். இப்போது மனைவி இல்லை. மரங்களும் போய்விட்டால் காலையில் எழுந்து எதைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியாது.

நிஹாலுக்கு இந்தப் புதிர் பிடித்துப்போயிற்று. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வியை ஆரம்பித்தாள்.

"பூத்துச்சா?"

"வேலி தெரியாம பூத்துச்சு."

"தேனீ?"

"காதை அடைக்கற சத்தம்."

"வீட்டோரம் நிக்குதே, அது?"

"புளிப்புச் செர்ரி. ஜாம் போட. அதுக்கென்ன, எங்க நட்டாலும் காய்க்கும்."

நிஹால் போய் ஒன்றைப் பறித்து வாயில் போட்டாள். பாதிதான் பழுத்திருந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. ஆனாலும் இன்னொன்றைப் பறித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"பூச்சியும் இல்ல, சத்துக் குறைவும் இல்ல. புளிப்பு ரகம் யாரையும் எதிர்பார்க்காது, தன் பூவுக்குத் தானே போதும். இனிப்பு ரகம் அப்படியில்ல மாமா, கொஞ்சம் ராங்கி. தன் மகரந்தம் தனக்கே ஆகாது. உங்க நெப்போலியன் ரகம் ஆயிரம் மரம் சேர்ந்து நின்னாலும் ஒண்ணுக்கு ஒண்ணு உதவாது. கூடவே வேற ஒரு ரகம் பூக்கணும்."

"அந்தப் புளிப்பு மரம் உதவாதா?"

"அது பூக்கறதுக்குள்ள இதெல்லாம் பூ உதிர்ந்திடும். நல்லா யோசிங்க. போன வருஷம் வரைக்கும் இங்க எது இருந்துச்சு, இந்த வருஷம் எது இல்ல?"

தெவ்ஃபிக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கண் மெல்ல வேலியைத் தாண்டிப் போனது.

"பக்கத்துத் தோட்டத்து ஷாபானோட மஞ்சள் மரம்" என்றார்.

"மஞ்சளா?"

"பழுத்தாலும் மஞ்சள்தான். காய்னு நினைச்சு குருவிகூட விட்டுட்டுப் போயிடும். சந்தையில சீந்த ஆள் கிடையாது. போன அக்டோபர்ல வெட்டிட்டான்."

நிஹால் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "அதான் விஷயம். இத்தனை வருஷம் உங்க மரமெல்லாம் அதை நம்பித்தான் காய்ச்சுது. ரம்பக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. வேற ரகத்துல நாலஞ்சு கொம்பு வாங்கி உங்க மரத்துலயே ஒட்டுக் கட்டினா சரியாயிடும்."

மரங்கள் தப்பித்தன. அந்த நிம்மதி தெவ்ஃபிக் முகத்தில் நிற்கவே இல்லை; அதற்குள் கோபம் ஏறிவிட்டது.

"அப்ப வேணும்னேதான் வெட்டியிருக்கான். வெட்டின இடத்துல என்ன நட்டிருக்கான்னு பாரு. நெப்போலியன். நான் வாங்கின நாற்றுப் பண்ணையைத் தேடிப் போய், என் ரகமே வேணும்னு கேட்டு வாங்கியிருக்கான். எனக்குப் போட்டி. இதுல காபிக் கடைக்குள்ள நான் நுழைஞ்சா எழுந்து நின்னு இளிக்கறான். பார்த்தாலே வயிறு எரியுது."

"ஏதாவது சண்டையா?"

"ஒரு மண்ணும் இல்ல. தங்கமான மனுஷனாத்தான் இருந்தான். யாரோ ஏத்திவிட்டிருக்காங்க." தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எவன் பேச்சைக் கேட்டு வெட்டினேன்னு இப்பவே போய்க் கேக்கறேன்."

மெலிகே காலி கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். தலை நிமிரவில்லை.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான்ப்பா" என்றாள். "பூங்கொத்தும் சாக்லேட்டுமா, அவர் பையனுக்கு என்னைக் கேட்டு நம்ம வீட்டுக்கு வந்தாரே, அன்னிக்கு நீங்கதானே சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, 'அந்த உதவாக்கரை மஞ்சள் மரத்தை வெட்டிப் போட்டுட்டு என் ரகத்தை நடு, அது காய்க்கட்டும், பொண்ணு தரேன்'னு? உங்களுக்கு மறந்திருக்கும். அவர் மறுநாளே கோடாலியை எடுத்துட்டார். அந்தக் கன்னு காய்க்கற வரைக்கும் காத்திருக்கேன்னு நானும் அவர் பையன்கிட்ட சொல்லியிருக்கேன்."